பழைய போட் எஞ்சினில் சத்தமும் கசிவும்: புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவது

பழைய விசைப்படகு ஒன்றை வாங்கி எஞ்சின் அறைக்குள் முதல்முறை இறங்குபவர் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் பார்ப்பார். அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும், அதன் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். எஞ்சினின் கீழ்ப்பாகம் முழுக்க விரல் தடிமனுக்கு எண்ணெய் அழுக்கு அப்பியிருக்கும். ஓடவிட்டால் பத்து விதமான சத்தம் வரும். எதைக் கேட்பது, எதைக் கழற்றுவது என்று தெரியாமல் நிற்கும்போது, கரையில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். "எஞ்சினைத் தூக்கிடுங்க" என்று ஒருவராவது சொல்லியே தீருவார்.

நாகப்பட்டினம், காசிமேடு, தூத்துக்குடி துறைமுகங்களில் நிற்கும் இழுவைப் படகுகள் பலவற்றில் இருப்பது அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். லாரி, பஸ்ஸில் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்தான், படகுக்கென மாற்றியமைத்தது. மெக்கானிக்கல் டீசல் பம்ப், இரும்புக் குழாய்கள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பொறுமையாகப் பார்த்தால் எஞ்சினே தன் குறையைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டுரை அந்த வகை எஞ்சினை மனதில் வைத்து எழுதியது. வேறு கம்பெனியின் பழைய டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி எல்லா வேலையையும் முடிப்பது அப்போதுதான். ஆனால் கசிவையும் சத்தத்தையும் கண்டுபிடிக்கும் வேலையை, படகு தண்ணீரில் நிற்கும்போதே, எஞ்சின் லோடில் (பாரம் இழுத்து) ஓடும்போதே முடித்துவிடுங்கள். கரையேற்றிய பிறகு நின்றுபோன எஞ்சினைப் பார்த்து யூகம்தான் செய்ய முடியும்.

இறங்கும் முன்

கைலியோடு எஞ்சின் அறையில் வேலை செய்யாதீர்கள். கழுத்தில் துண்டு, தொங்கும் சங்கிலி, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் மேலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ஓடும் பெல்ட்டும் சுற்றும் ஷாஃப்டும் துணியின் நுனி கிடைத்தால் போதும், ஆளையே இழுத்துவிடும்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்க்குள் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். லாரி டயரில் அடிக்கும் காற்றைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு. அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு விரிசல் விழுந்தால், அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுக ஆரம்பித்து, விரலை எடுக்கும் நிலை வரை போகும். அதனால் ஓடும் எஞ்சினில் அந்தக் குழாய்களைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. ஒரு அட்டையைக் காட்டுங்கள், அட்டை நனைந்தால் அதுதான் இடம். தவறிப்போய்க் கையில் பட்டுவிட்டால், காயம் சிறிதாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், "டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தீயும் அப்படித்தான். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, தண்ணீர் உறை இல்லாததாக இருந்தால், லோடில் ஓடும்போது 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் 250 டிகிரி வாக்கில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மேனிஃபோல்டுக்கு மேலேயோ பக்கத்திலோ டீசல் கசிகிறது என்றால், அது எவ்வளவு சிறிய கசிவானாலும் எஞ்சினை நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

முதல் வேலை துடைப்பது

எனக்குத் தெரிந்த ஒரு படகில் எஞ்சினின் பின்பக்கம், கியர் பாக்ஸ் சேரும் இடத்தில், தினமும் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மூன்று பேரும் கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் பெரிய ஷாஃப்ட்) பின் சீல் போய்விட்டது என்றார்கள். அதை மாற்றக் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும், ஃப்ளைவீலை எடுக்க வேண்டும். நான்கைந்து நாள் வேலை, கூலியும் பெரிது. உரிமையாளர் என்னிடம், "அண்ணே, கழட்டிடலாமா?" என்று கேட்டபோது, ஒருநாள் பொறுக்கச் சொன்னேன். அழுக்கு முழுவதையும் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய துணியால் ஈரம் போகத் துடைத்தோம். காய்ந்த பிறகு முகப் பவுடரை லேசாகத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். இருபது நிமிடத்தில், மேலே கடைசி சிலிண்டர் பக்கம் வால்வுகளுக்கு மேல் மூடியாக இருக்கும் டேப்பட் கவரின் ஓரத்திலிருந்து, வெள்ளைப் பவுடரில் கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு இறங்கியது. ஹெட்டின் பின்புறமாக வழிந்து, பிளாக்கைத் தொட்டு, நேராகக் கியர் பாக்ஸ் கவரின் மேல் போய் நின்றது. சீலில் ஒரு குறையும் இல்லை. ஒரு கார்க் கேஸ்கட் மாற்றியதில் வேலை முடிந்தது.

ஆயில் எப்போதும் கீழே இறங்கும், படகில் பின்பக்கமாகவும் போகும், ஏனென்றால் எஞ்சினைப் பின்சரிவாக உட்கார வைத்திருப்பார்கள். அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிப் போங்கள். நனைந்திருக்கும் இடங்களில் எது உயரமானதோ அதுதான் கசிவு தொடங்கும் இடம். இந்த ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

துடைக்கும்போது டீசல் பம்பின் மேல் நேராகக் குளிர்ந்த தண்ணீர் அடிக்க வேண்டாம், ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் பாலித்தீன் சுற்றி மூடிவிடுங்கள்.

சொட்டுவது எது?

வெள்ளைத் தாளையோ அட்டையையோ எஞ்சினுக்கு அடியில் இரவு முழுக்க விரித்து வையுங்கள். எஞ்சினின் எந்தப் பாகத்துக்குக் கீழே எந்தப் பக்கம் வைத்தோம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். காலையில் பார்த்தால் டீசல் விழுந்த இடம் அகலமாகப் பரவி, நடுவில் நிறமே இல்லாமல் இருக்கும். எஞ்சின் ஆயில் கறுப்பாக ஒரு பொட்டாக நிற்கும். விரலில் தேய்த்தால் டீசல் மெலிதாக வழுக்கும், வாசனை கையை விட்டுப் போகாது. கியர் ஆயிலாக இருந்தால் நிறமும் மணமும் வேறு. எதற்கும் கியர் பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அளவும் முக்கியம். சொட்டும் இடத்தில் ஒரு டப்பாவை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். மணிக்கு 100 மில்லி கசிந்தால் ஐந்து நாள் தங்கல் பயணத்தில் 12 லிட்டர். கண்ணுக்கு அது சின்னச் சொட்டாகத்தான் தெரியும்.

டீசல் கசிவு

டீசல் போகும் வழியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். டீசல் பம்பிலிருந்து நாசில் வரை அழுத்தப் பக்கம். நாசிலில் மிஞ்சுவது டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பக்கம். மூன்றிலும் கசிவு மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

ரிட்டர்ன் பக்கம் எளிது. ஒவ்வொரு நாசில் தலையிலும் ஒரு சிறு போல்ட், அதன் இருபுறமும் காப்பர் வாஷர். வாஷர் கெட்டியானதும் கசியத் தொடங்கும். புது வாஷர் கையில் இல்லாவிட்டால் பழையதைக் கம்பியில் கோத்து, மங்கிய சிவப்பு வரும்வரை நெருப்பில் காட்டித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகிவிடும். மேலே படியும் கறுப்பை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மாட்டலாம். ரப்பர் டியூபாக இருந்தால் டீசலுக்கென விற்கும் ஹோஸ்தான் போட வேண்டும். தோட்டத்துக்குப் போடும் பிளாஸ்டிக் டியூப் டீசலில் சில மாதத்தில் விறைத்துப் பிளந்துவிடும்.

அழுத்தப் பக்கத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, நட்டில் ஈரம் தெரிந்ததும் ஸ்பேனரைப் போட்டு இறுக்குவது. குழாயின் நுனி கூம்பாக உட்காரும் இடத்தில் தூசியோ கீறலோ இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, நுனிதான் நசுங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு நட்டை முழுவதும் தளர்த்துங்கள், நுனியைச் சுத்தமான டீசலில் கழுவிப் பாருங்கள், குழாயை வளைத்து இழுக்காமல் தானாக நேரே உட்காரும்படி வைத்து முதலில் கையால் நட்டை ஏற்றி, அப்புறம் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். ஆறு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய எஞ்சின்களில் கழற்றியவர்கள் அவற்றைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். கிளிப் இல்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து, நட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். விரிசல் விட்ட குழாயைப் பற்றவைப்பது, எம்-சீல் பூசுவது எதுவும் அந்த அழுத்தத்தில் நிற்காது, ஆபத்தும்கூட. அதே நீளத்தில் புதுக் குழாய்தான் வழி.

உறிஞ்சும் பக்கம்தான் ஆளை அலைக்கழிக்கும். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எங்கேயும் சொட்டு இல்லை, ஆனால் காலையில் எஞ்சின் எடுக்காது, கை பம்ப் அடித்துக் குழாயிலிருக்கும் காற்றை வெளியே எடுத்தால் ஓடும். ஓடும்போதும் நடுவில் தடுமாறும், வலை இழுக்கும்போது ஆர்பிஎம் விழும். ஃபில்டர் மாற்றுவார்கள், நாசில் சர்வீஸ் செய்வார்கள், பம்பையே கழற்றி அனுப்புவார்கள். குறை டேங்க் பக்கத்தில் ஒரு தளர்ந்த கிளிப்பில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. டேங்கிலிருந்து வரும் குழாயை டேங்க் பக்கம் கழற்றி, ஒரு சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் டீசல் ஊற்றி எஞ்சினுக்கு மேலே, தலை உயரத்துக்குக் குறையாமல் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் குழாயை அதில் இணையுங்கள். இப்போது உறிஞ்ச வேண்டிய குழாய்க்குள் டீசல் தன் எடையால் தள்ளும். காற்று இழுத்த ஓட்டை வழியாக டீசல் வெளியே வேர்க்கும். குழாய் நெடுகத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் விட்டால் இடம் தெரிந்துவிடும். கேனில் ஓடும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடி, டேங்கில் இணைத்ததும் திணறினால், குறை டேங்குக்குள் இருக்கும் குழாயிலோ அதன் வாய்ச் சல்லடையிலோ, டேங்கின் காற்றுத் துளை அடைப்பிலோதான்.

சரிசெய்த பிறகு காற்று எடுக்கும் வரிசை:

1. முதல் ஃபில்டரின் மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை கை பம்ப் அடியுங்கள், பிறகு மூடுங்கள்.
2. இரண்டாவது ஃபில்டரிலும் அப்படியே.
3. டீசல் பம்பின் உடம்பில் இருக்கும் ஸ்க்ரூவிலும் அப்படியே.
4. இன்னும் எடுக்கவில்லை என்றால் மட்டும் இரண்டு மூன்று நாசில் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிசிறு ஒன்று உள்ளே போனால் நாசிலை அடைத்துவிடும். டேங்கில் ஊசித் துளை விழுந்தால் சலவை சோப்பைத் தேய்த்து அடைத்துக் கரை வந்து சேரலாம், அது அன்றைக்கு மட்டும்தான்.

டிப் ஸ்டிக் ஏறினால்

ஆயில் குறைகிறது என்றால் எல்லோரும் கவலைப்படுவார்கள். ஏறுகிறது என்றால் நல்லது என்று விட்டுவிடுவார்கள். பழைய எஞ்சின் ஆயில் குடிக்காமல் இருப்பதே அபூர்வம், அளவு ஏறுகிறது என்றால் உள்ளே வேறேதோ சேர்கிறது.

டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை அடித்து, விரலில் தேய்த்தால் தண்ணி மாதிரி இருந்தால், டீசல் கலக்கிறது. ரப்பர் சவ்வான டயாஃப்ரம் உள்ள ஃபீட் பம்பாக இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். எஞ்சின் ஆயிலிலேயே ஓடும் டீசல் பம்பாக இருந்தால் அதன் உள் சீல்கள் அல்லது டீசலைத் தள்ளும் எலிமென்ட்டுகள் தேய்ந்திருக்கலாம். சில எஞ்சின்களில் ரிட்டர்ன் குழாய் டேப்பட் கவருக்குள்ளேயே போகும், அங்கே ஒரு வாஷர் போனாலும் டீசல் நேராக ஆயிலில்தான் விழும். அந்தக் கவரைத் திறந்து வைத்து ஐடிலில் (லோடு இல்லாமல் குறைந்த வேகத்தில்) ஓடவிட்டால் கண்ணால் பார்த்துவிடலாம்.

டீசல் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. இன்னொரு அபாயமும் உண்டு. அளவு மிக அதிகமானால் எஞ்சின் தன் ஆயிலையே காற்று வழியாக இழுத்து எரிக்க ஆரம்பிக்கும். அப்போது ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைப்பதுதான் வழி. ஏர் ஃபில்டர் வாயின் அளவுக்கு ஒரு பலகையை வெட்டி எஞ்சின் அறை வாசலிலேயே மாட்டி வையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் பாருங்கள். உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலோடு எஞ்சினை ஓர் இரவுகூட விட்டுவைக்காதீர்கள், பேரிங்கும் கிராங்கும் துருவேறிவிடும்.

ஆயில் கசிவு

கேஸ்கட்டுகளை மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை வெளியே போகும் வழி அது. அதற்குள் எண்ணெய்ப் பிசினும் தூசியும் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, இருக்கிற எல்லா இணைப்பிலும் ஆயிலைத் தள்ளும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் கசிகிறது என்றால் முதலில் நான் கழற்றுவது பிரீதரைத்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

பிரீதர் சுத்தமாக இருந்தும் கசிகிறதா? ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன. அந்த நிலையில் புதுச் சீல், புது கேஸ்கட் எது போட்டாலும் இரண்டு மாதத்தில் மறுபடி கசியும். காசைச் சீலில் போடாமல், தடைக்காலத்தில் எஞ்சின் வேலைக்கே எடுத்து வையுங்கள்.

டேப்பட் கவரை இறுக்கி இறுக்கியே கெடுத்துவிடுவார்கள். தகடு வளைந்துவிடும், போல்ட் இருக்கும் இடத்தில் கேஸ்கட் நசுங்கி நடுவில் இடைவெளி விழும். கவரைக் கவிழ்த்துத் தட்டையான கல்லில் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் தட்டி நேராக்கிவிட்டுப் புது கேஸ்கட் போடுங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றிய மறுநாளே கசிவு வந்தால், பழைய ரப்பர் வளையம் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதையும் போட்டிருப்பீர்கள். இப்படிப் போட்டால் ஆயில் மொத்தமும் கொட்டிவிடும், கவனம்.

லாரி மெக்கானிக்குகள் மறந்துவிடும் ஒன்று படகில் உண்டு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பின் அடிப்பாகம் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கும். படகு ஆடும்போதெல்லாம் நனையும். தகடு வெளியிலிருந்து துருப்பிடித்து, பெயிண்டுக்கு அடியில் தாள் மாதிரி மெலிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று வராமல் 'டப்' என்று செத்த ஒலி வரும் இடத்தில் துளை விழக் காத்திருக்கிறது. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் எம்-சீல் ஒட்டாது. சம்பை இறக்கி, தகடு வைத்துப் பற்றவைத்து, நன்றாகப் பெயிண்ட் அடித்துத்தான் போட வேண்டும். அதற்கு முன் அடித்தண்ணீர் ஏன் அவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்றும் பாருங்கள்.

கிராங்க் முன் சீல் மாற்றும்போது, சீல் உரசிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடமிருந்தால் அப்படி வையுங்கள், இல்லையென்றால் தேய்ந்த இடத்தில் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

சத்தம்: மூன்று கேள்விகள்

நியூட்ரலில் வருகிறதா, கியர் போட்டால்தான் வருகிறதா? எஞ்சின் வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் வேலை பாதியாகும்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனியை எஞ்சின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்கு முன் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். ஒவ்வொரு சிலிண்டராக, மேலே, நடுவில், கீழே என்று வையுங்கள். பெல்ட் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

மேலே 'டிக் டிக்' என்று மெலிதாக, ஒழுங்காக வந்தால் டேப்பட். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், 600 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு வால்வின் சத்தம் நொடிக்கு ஐந்து முறை வரும். வால்வுக்கு இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும் என்பது எஞ்சின் தட்டிலோ கையேட்டிலோ இருக்கும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய ஒரு சுலபக் கணக்கு உண்டு: ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-6, 2-5, 3-4 ஜோடிகள், கூட்டினால் ஏழு. ஆறாவது சிலிண்டரின் ஒரு வால்வு மூடிக்கொண்டும் இன்னொன்று திறந்துகொண்டும் இருக்கும் நேரத்தில் முதல் சிலிண்டரின் இடைவெளியை வைக்கலாம். மற்றவையும் அப்படியே.

'டொக் டொக்' என்று கனமாக, ஒரு சிலிண்டரில் மட்டும் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். ஐடிலில் ஓடவிட்டு, அந்த நாசிலின் குழாய் நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நிற்கும். சத்தம் மாறவே இல்லை என்றால் அது வால்வு, கியர் போன்ற வேறு பாகம். சத்தம் நின்றால் நாசிலாகவும் இருக்கலாம், பிஸ்டன் பின், கிராங்கைப் பிடிக்கும் பெரிய பேரிங்காகவும் இருக்கலாம். அப்போது எஞ்சினை நிறுத்தி அந்த நாசிலையும் பக்கத்துச் சிலிண்டர் நாசிலையும் இடம் மாற்றுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில்தான், கழற்றி டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். பழைய இடத்திலேயே நின்றால் கீழே திறந்து பேரிங் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும், செலவு இரண்டு வாஷர்.

நாசிலைத் திரும்பப் போடும்போது டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். பழைய காப்பர் வாஷர் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதிய வாஷர் போட்டால் நாசில் நுனி உயர்ந்துவிடும், புகையும் சத்தமும் கூடும். ஒரு படகில் மூன்று வாஷர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்ததை எடுத்திருக்கிறேன். அந்தப் படகு இரண்டு வருடமாகக் கறும்புகை விட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சின் சூடேறிய பிறகு அடியிலிருந்து கனத்த இடி, கூடவே ஆயில் பிரஷர் முள் இறங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். பேரிங் போகிறது. அந்த நிலையில் இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் கிராங்கும் கூடவே போகும்.

'கீச்' சத்தம் பெல்ட். எஞ்சினை நிறுத்தி நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். பெல்ட்டைத் தளர்த்தி வாட்டர் பம்பைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது, அதன் அடித்துளையில் தண்ணீர்க் கறை தெரிந்தால் சீலும் போயிருக்கிறது. 'புஸ் புஸ்' என்று வந்து, எக்சாஸ்ட் இணைப்பில் கரி படிந்திருந்தால் கேஸ்கட். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். மூடிய எஞ்சின் அறையில் அந்தப் புகை ஆளை மயக்கிக் கொல்லும். இறங்கினால் தலைவலிக்கிறது என்று யாராவது சொன்னாலே தேடத் தொடங்குங்கள்.

கியர் போட்டால்தான் அதிர்கிறது என்றால்

அப்போது எஞ்சினை விட்டுவிட்டு வெளியே பாருங்கள். புரொபெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா, இலை வளைந்திருக்கிறதா, எஞ்சின் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் கடைசியில் இருக்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்டைக் கையால் ஆட்ட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரி என்றால், கியர் பாக்ஸையும் ஷாஃப்டையும் சேர்க்கும் கப்ளிங் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் தொடும் அளவுக்கு நெருக்கி, மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். கப்ளிங்கின் விட்டம் நான்கு அங்குலம் என்றால் இடைவெளிகளுக்குள் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

மரப்படகாக இருந்தால் இதைக் கரையில் வைத்துச் செய்து பயனில்லை. இரண்டு மாதம் வெயிலில் காய்ந்த படகின் உடம்பு தண்ணீரில் இறங்கியதும் ஊறி, வளைவு மாறும். இறக்கி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, டேங்கில் டீசலும் கிடங்கில் ஐஸும் வழக்கமான அளவு ஏற்றிய பிறகு கப்ளிங்கைப் பாருங்கள். தடைக்காலம் முடிந்து போகும் முதல் பயணத்தில் கியர் பாக்ஸ் சீல் போவதற்கு நான் பார்த்தவரை இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் கிளாண்டில், ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டுக் கடல்நீர் வரத்தான் வேண்டும், அதுதான் அதைக் குளிர்விக்கிறது. முழுவதும் அடைத்து இறுக்கினால் சூடாகி ஷாஃப்டையே தின்றுவிடும்.

அள்ளிய எண்ணெயும் சோதனை ஓட்டமும்

எண்ணெய் மிதக்கும் அடித்தண்ணீரில் சோப்புத் தூள் போட்டுக் கலக்கி வெளியே பம்ப் அடிப்பது பல இடத்தில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் மறைந்த மாதிரி தெரியும், ஆனால் தண்ணீரோடு கலந்து, இறால் குஞ்சுக்கு நாம் நம்பியிருக்கும் அதே முகத்துவாரத்தில்தான் இறங்கும். தேங்காய் நார் அல்லது மரத்தூளைப் பழைய சாக்கில் கட்டித் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மாற்றிய ஆயிலைக் கேனில் பிடித்து வைத்தால் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் நேராக ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், அதில் அரைமணி நேரமாவது முழு லோடில். கரைக்கு வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே, கைபட்ட ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துத் துணியைப் பாருங்கள். எஞ்சின் ஓடிய மணி, டிப் ஸ்டிக் அளவு, ஆயில் பிரஷர் மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டு, இரவுக்குப் புது அட்டை ஒன்றை அடியில் விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் ஐஸ் ஏற்றலாம்.